தேராத மன்னனும் ஆரல் பார்த்த குருகும்

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

உன் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தந்த தியான அப்பைக் கொஞ்சநாள் பாவித்துவிட்டு விட்டுவிட்டாயாம். புத்தகம் எடுத்தால் மூன்று பக்கத்துக்குமேல் ஓடவில்லையாம். அம்மா சொன்னா. நீ இதை இரண்டு தனித்தனிக் குறையாகச் சொல்லியிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. போனில் விளக்கத் தொடங்கினால் பாதியில் உன் பிரேக் முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

அப்காரர் மன அமைதி வரும் என்கிறார்கள். புத்தகம் விற்கிறவர்கள் அறிவு வளரும் என்கிறார்கள். வந்தால் வரட்டும். நான் இந்த இரண்டையும் பழகச் சொல்வது வேறொரு காரியத்துக்காக. ஒன்று நடக்கிறது, உடனே மனம் அதற்கு ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. நடந்ததற்கும் தீர்ப்புக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, பெரும்பாலும் நாங்கள் அதைக் காண்பதில்லை. தியானத்தில் இருந்து மூச்சைக் கவனிக்கிறவர் அந்த இடைவெளியைத் தன் மனத்துக்குள் கண்டுபிடிக்கிறார். நல்ல கதை வாசிக்கிறவர் மற்றவர்கள் விஷயத்தில் அதை நீட்டப் பழகுகிறார். வாழ்க்கையைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது என்று சொல்கிறார்களே, கிட்டப்போய்ப் பார்த்தால் அந்த இடைவெளி ஒரு விநாடியிலிருந்து பத்து விநாடி ஆகியிருக்கும். அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயமில்லை.

சிலப்பதிகாரத்தைச் சோதனைக்காகப் படித்திருப்பாய். கொலைக்களக் காதையை இப்போது திரும்ப எடுத்துப் பார். அரசவையில் ஆடலும் பாடலும் நடக்கிறது. ஆடும் பெண்கள் அரசன் மனதைப் பிடித்துவிட்டார்கள் என்று கோப்பெருந்தேவிக்கு ஊடல். அதை மறைத்து, தலைநோ என்று சாட்டுச் சொல்லி எழுந்து போய்விடுகிறாள். பாண்டியன் அமைச்சர்களை விட்டுவிட்டு அவளைச் சமாதானப்படுத்த அவளுடைய அரண்மனைக்குப் போகிறான். அந்த வாசலில்தான் பொற்கொல்லன் வந்து காலில் விழுந்து, சிலம்பு விற்க வந்த கோவலனைக் கள்வன் என்கிறான். அரசனுடைய உடம்பு வாசலில் நிற்கிறது, மனம் உள்ளே அவளுடைய கோபத்தில் நிற்கிறது. காதில் விழுவதெல்லாம் சிலம்பு, கள்வன் என்ற இரண்டு சொல். ஊர்க்காவலரைக் கூப்பிட்டு, என் தேவியின் சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று அதைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். ‘தேரான் ஆகி’, அதாவது ஆராயாதவனாக, என்று இளங்கோ ஒரே தொடரில் முடிக்கிறார். பிறகு வழக்குரை காதையில் கண்ணகி அவனைக் கூப்பிடுவதும் ‘தேரா மன்னா’ என்றுதான்.

அந்த உத்தரவுக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? ஒரு மூச்சு. பாண்டியன் மூடனுமில்லை, கொடியவனுமில்லை. பிழை தெரிந்த இடத்திலேயே உயிரை விட்டவன். அந்த ஒரு மூச்சு நேரம் அவன் அங்கே இருக்கவில்லை. எங்கள் கிழக்கில் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை பாடிக் குளிர்த்திச் சடங்கு செய்கிறார்களே, கவனமில்லாமல் சொன்ன ஒரு வார்த்தையின் சூட்டை ஊர் இன்னும் வருஷா வருஷம் ஆற்றிக்கொண்டிருக்கிறது.

இதில் இலக்கியம் செய்த வேலை என்ன என்று பார். பேப்பரில் போட்டிருந்தால் ‘அப்பாவி வணிகர் கொலை’ என்று ஒரு தலைப்பு. இளங்கோவோ அந்தத் தலைநோச் சாட்டுக்கும் அரசனுடைய அவசரத்துக்கும் இடம் ஒதுக்குகிறார். அதை வாசித்தபிறகு ‘நான் என்றால் விசாரித்திருப்பேன்’ என்று சொல்ல வாய் வராது. மனம் எங்கேயோ இருக்க வாய் மட்டும் பதில் சொன்ன நாள் யாருக்குத்தான் இல்லை?

டால்ஸ்டாய் 1897இல் நாட்குறிப்பில் ஒன்று எழுதினார். அறையைத் தூசி தட்டிக்கொண்டு சோபாவுக்குக் கிட்ட வந்தவருக்கு, அதைத் துடைத்தாயிற்றா இல்லையா என்பது நினைவில்லை. கை தன் பாட்டில் வேலை செய்திருக்கிறது. ஒருவருடைய வாழ்க்கை முழுக்க இப்படியே கழிந்தால் அது வாழாத மாதிரித்தான் என்று முடிக்கிறார். 20 வருஷம் கழித்து, 1917இல், விக்டர் ஷ்க்ளோவ்ஸ்கி என்ற ருஷ்ய விமர்சகர் அதே குறிப்பை எடுத்து ஒரு கட்டுரை எழுதினார். பழகிப்போய்க் கண்ணில் படாமல் போனதை மறுபடி படவைக்கத்தான் கலை இருக்கிறது, அதற்காகவே அது வாசிப்பைக் கடினமாக்கி நேரத்தை நீட்டுகிறது என்பது அவருடைய வாதம். உன் மூன்று பக்கச் சலிப்புக்கு ஒரு காரணம் இங்கே கிடைக்கிறது. போனில் வருவதெல்லாம் தடுக்காமல் வழுக்கிப் போகும்படி செய்து தரப்படுகிறது. கதையும் பாட்டும் வேண்டுமென்றே தடுக்கி நிறுத்துகின்றன. வழுக்கிப் பழகிய கண்ணுக்குத் தடுக்குவது எரிச்சலாகத்தான் இருக்கும். புத்தகத்திலும் குறையில்லை, உன்னிலும் குறையில்லை.

இனித் தியானத்தில் இருந்து பழகுகிற விஷயம். இதன் வேர் பாளி மொழியில் உள்ள சதிபட்டான சுத்தம் (சுத்தம் என்றால் சூத்திரம்), புத்தர் போதனைத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் 10ஆவது. உடம்பு, இன்ப துன்ப உணர்வு, மனநிலை, மனத்தில் வந்துபோகிறவை என்று நான்கையும் கவனிக்கச் சொல்கிறது. இந்த மாவட்டத்தில் புத்தர் பெயரை எடுத்தாலே அரசியலாகிவிடும், அது வேறு கதை. மணிமேகலை பாடிய மொழியில் பிறந்தவர்கள் இதை அந்நியமாகப் பார்க்கத் தேவையில்லை. 1979இல் ஜோன் கபாட்-சின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நாட்பட்ட நோவுக்காரருக்காக இதைச் சமயம் கலக்காத பாடமாக ஆக்கினார்; இப்போது அது 8 கிழமைப் பாடம். கிழமைக்கு ஒரு வகுப்பு, வீட்டில் ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம். இப்போது அப்களில் வருவது பெரும்பாலும் அதன் சுருக்கம்.

நீ முக்கால் மணித்தியாலத்தில் தொடங்காதே. முதல் கிழமை 5 நிமிடம். அடுத்த இரண்டு கிழமை 10. பிறகு 15, உன் வேலைக்கு 20க்குமேல் வேண்டாம். சாப்பாட்டு மேசைக் கதிரை போதும். இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் பட வேண்டும், எட்டாவிட்டால் கீழே ஒரு தடித்த புத்தகம் வை. முதுகு சாய்மானத்தில் ஒட்டாமல் கொஞ்சம் முன்னுக்கு இரு. அலாரத்தை வைத்துவிட்டுப் போனைக் கை எட்டாத இடத்தில் கவிழ்த்துவிடு. மூச்சு எங்கே நன்றாகத் தெரிகிறது, மூக்கு நுனியிலா வயிற்றிலா என்று முதல் நாள் பார்த்துக்கொண்டு, அந்தக் கிழமை முழுக்க அந்த இடத்திலேயே நில். நாளுக்கொரு இடம் மாற்றினால் ஒன்றும் பிடிபடாது. வெளிவிடும் மூச்சை 1 முதல் 10 வரை எண்ணி, மறுபடி 1. எண்ணிக்கை 14, 15 என்று போயிருப்பதைக் கண்டால் மனம் எழும்பிப் போய்விட்டது என்று அர்த்தம். திரும்ப 1.

எங்கே பிழைக்கும் என்றால், முதலில் மூச்சை நடத்தப் பார்ப்பாய். பெரியப்பா திருமந்திரக் கணக்கைச் சொல்லுவார்: 16 மாத்திரை (இது நேர அளவு) இழுத்து, 64 நிறுத்தி, 32இல் விடுவது. அது பிராணாயாமம், பக்கத்தில் ஆசான் இருந்து செய்யவேண்டியது. இங்கே மூச்சு தன் பாட்டில் போகும், நீ பார்க்கிறவள் மட்டும். நடத்தினால் நெஞ்சு இறுகி லேசாகத் தலை சுற்றும். அப்படியானால் கவனத்தை உள்ளங்காலுக்கு இறக்கிவிடு, மூச்சு தானாகச் சரியாகும்.

மனம் வெறுமையாக வேண்டும் என்று நினைப்பது அடுத்தது. உன்னை அப்பை விட்டு ஓடச் செய்தது அநேகமாக இதுதான். ஓடியதைக் கண்டு திரும்பி வருகிறாயே, அந்தத் திரும்புதல்தான் பயிற்சி; 10 நிமிடத்தில் 30 தரம் ஓடினால் 30 தரம் பழகினாய். ஓடிப்போன இடத்துக்கு ஒரே சொல்லில் பெயர் வை: திட்டம், பயம், பழசு, கோபம். ‘அன்றைக்கு மனேஜர் எல்லாருக்கும் முன்னால் அப்படிக் கேட்டது’ என்று நீட்டினால் பெயர் வைக்கவில்லை, மறுபடி வழக்குப் பேசப் போய்விட்டாய்.

நைட் டியூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் இருந்து செய்தால் நித்திரை வரும். நித்திரை நல்லதுதான், அது வேறு மருந்து. வேலைக்கு உடுத்தி முடித்த கையோடு, சப்பாத்துப் போடும் முன் செய்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அப் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். கண்ணை மூடி உள்ளே பார் என்றதும் சிலருக்கு ஷெல் சத்தம் வரும். சிலருக்கு சுனாமி வந்த 2004 மார்கழி 26 வரும். நெஞ்சு அடிக்கும், கை குளிரும், இருக்கிற அறையே தூரத்தில் இருப்பது போலாகும். இது மனப்பலவீனமில்லை. ‘உள்ளே சுத்தமாகிறது, பொறுத்துக்கொள்’ என்று யாராவது சொன்னால் கேட்காதே. உடனே கண்ணைத் திற. பாதத்தை நிலத்தில் அழுத்து. அறையிலுள்ள ஐந்து பொருளின் நிறத்தை வாய்விட்டுச் சொல். அன்றைக்கு அவ்வளவும் போதும். அடுத்த தரம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மூச்சை விட்டுவிட்டு வெளிச் சத்தத்தில் நில்: ஹீட்டரின் இரைச்சல், ரோட்டில் பஸ் நின்று எடுக்கிற சத்தம். அப்போதும் அப்படியே வந்தால் தனியே தொடராதே; இதில் பழகிய உளவள ஆலோசகர் ஒருவரிடம் போ. அங்கே கனடாவில் அதற்கு வசதி இருக்கிறது, இங்கே பலருக்கு இல்லை.

அந்த 8 கிழமைப் பாடத்தின் தொடக்கத்தில் ஒரு உலர்ந்த முந்திரிகையைக் கையில் தந்து, சில நிமிடம் எடுத்துச் சாப்பிடச் சொல்வார்கள். உனக்கு ஸ்காபரோக் கடையில் பனங்கட்டி கிடைக்கும், அதை எடு. சின்னவிரல் நகமளவு துண்டு, சீனி போடாத பிளேன்டீ அரைக் கோப்பை. முதலில் உடைந்த பக்கத்தைப் பார். ஓரம் கறுத்திருக்கும், நடு செம்மண் நிறம், அங்கங்கே மணிமணியாக மினுங்கும். மணந்து பார். நாக்கில் வை, கடிக்காதே. இனிப்புக்கு முன்னால் மெல்லிய கரிப்பு ஒன்று வரும், பிறகுதான் இனிப்பு ஓரத்திலிருந்து கரைந்து இறங்கும். ஒரு மிடறு தேத்தண்ணி குடி; சாயத்தின் துவர்ப்பு அந்த இனிப்பை எங்கே வெட்டுகிறது என்று பார். இதற்குள் பல்லுக்குக் கடிக்கிற அவசரம் வந்துவிடும். அந்த அவசரத்தையும் பார்: தாடையில் இருக்கிறதா, தொண்டையிலா? இரண்டு மூச்சு விடு. பிறகு கடி. பாண்டியனுக்குக் கிடைக்காமல் போனது இந்த இரண்டு மூச்சுத்தான்.

வாசிப்புக்கு வருகிறேன். தடித்த நாவலில் தொடங்காதே. குறுந்தொகை எடு. பெரும்பாலும் 4 அடியிலிருந்து 8 அடிக்குள் ஒரு பாட்டு, கடவுள் வாழ்த்தை விட்டால் 401 பாட்டு. கிழமைக்கு ஒன்று போதும். உ.வே. சாமிநாதையர் 1937இல் உரையோடு பதிப்பித்தது இன்னமும் வாசிக்க நல்லது. கூற்று யாருடையது, எந்தச் சந்தர்ப்பம் என்பது பாட்டோடேயே இருக்கும். முதலில் 25ஆம் பாட்டு, கபிலருடையது, ஐந்தே அடி.

திங்கட்கிழமை பொருளைப் பார்க்காமல் சத்தமாக மூன்று தரம் வாசி. நாக்குத் தடுக்கும், தடுக்கட்டும். செவ்வாய், யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று மட்டும் உரையில் பார்: கலியாணம் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் தலைவி தோழிக்குச் சொல்கிறாள். புதன், உன் பேச்சில் கொப்பியில் எழுது. ஏறக்குறைய இப்படி வரும்: அங்கே வேறு ஒருத்தரும் இல்லை, அவன்தான் இருந்தான், கள்வன், அவனே இல்லையென்று பொய் சொன்னால் நான் என்ன செய்வேன், அவன் என்னைக் கூடிய அன்றைக்குக் குருகு ஒன்றும் நின்றது, தினைத்தாள் மாதிரி மெல்லிய பசுங்காலோடு, ஓடுகிற தண்ணீரில் ஆரல்மீன் பார்த்துக்கொண்டு.

வியாழக்கிழமை ஒரு கேள்வியோடு இரு. இவ்வளவு பயத்துக்கு நடுவில் இவளுக்கு எதற்குக் குருகின் கால்? சாட்சி இல்லை என்று சொல்ல வந்தவள் ஒரு சாட்சியைச் சொல்கிறாள். அந்தச் சாட்சியும் வாயில்லாதது, பார்த்துக்கொண்டிருந்ததும் இவர்களை இல்லை, மீனை. மானமும் உயிரும் போகிற விஷயத்தில், பறவையின் கால் எவ்வளவு மெல்லியது, என்ன நிறம் என்பது அவளுக்கு அப்படியே நினைவிருக்கிறது. பெரிய பயம் வந்த நேரத்தில் மனம் பெரியதை விட்டுச் சின்னதைப் பிடித்துக்கொள்ளும்; வார்டில் ஒரு சாவுச் செய்தியைக் கேட்ட ஆட்கள் சுவரில் உள்ள மணிக்கூட்டையோ செருப்பின் வாரையோ பார்த்துக்கொண்டு நிற்பதை என்னைவிட நீதான் அதிகம் பார்க்கிறாய். கபிலர் அதைக் கண்டு வைத்திருக்கிறார். அவள் பயந்தாள் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை, காலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். தம்பலகாமத்து வயலில் கொக்கு நிற்பதை எத்தனையோ தரம் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பாய். அதன் கால் என்ன நிறம் என்று சொல் பார்ப்போம்.

இன்னொன்றையும் கவனி. இந்தப் பாட்டுக்கு வருகிறவர்கள் முதல் நாளே தீர்ப்பை எழுதிவிடுவார்கள்: அவன் ஏமாற்றுக்காரன், அல்லது இவள் ஏமாளி. பாட்டில் அவன் இன்னும் பொய் சொல்லவில்லை. ‘பொய்ப்பின்’ என்றுதான் இருக்கிறது, சொன்னால் என்ன செய்வேன் என்று. கள்வன் என்று வாயால் சொன்னவளே அடுத்த அடியில் தீர்ப்பை நிறுத்தி வைத்திருக்கிறாள். வாசிக்கிற எங்களுக்கு என்ன அவசரம்? வெள்ளிக்கிழமை பார்க்காமல் சொல்லப் பழகு. பஸ்ஸில் போகும்போது போனுக்குப் பதிலாக அது வாயில் இருக்கட்டும்.

இப்படி எட்டுப் பாட்டுப் போனபிறகு சிறுகதைக்கு வா. மூதூர் வ.அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ நல்ல தொடக்கம். தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்று ஆசைப்படுகிற பையனுடைய கதை. அந்தக் கரையும் பேச்சும் உனக்குத் தெரிந்தவை, அதனால் சொல்லில் தடுக்காது, மனிதரில் மட்டும்தான் தடுக்கும். (தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் ‘மோகனாங்கி’யை 1895இல் எழுதிய தி.த. சரவணமுத்துப்பிள்ளையும் எங்கள் ஊர்க்காரர்தான். அதைப் பெருமைக்கு வைத்துக்கொள். அதில் தொடங்கினால் அந்தக்கால நடை உன்னைத் துரத்திவிடும்.) புத்தகம் கிடைக்காவிட்டால் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் தேடு. 2005இல் தொடங்கியது, ஈழத்துப் புத்தகங்கள் ஏராளம் இலவசமாக இருக்கின்றன. திரையில் வாசித்தால் பதியாதே என்று கேட்பாய். 2018இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், அவற்றில் பங்குபற்றியவர்கள் 1,70,000 பேருக்கு மேல். தகவல் கட்டுரைகளுக்குத் தாள்தான் மேல், அதுவும் நேரம் நெருக்கும்போது. கதைக்கு அந்த வித்தியாசம் தென்படவில்லை. ஆகவே திரை குற்றமில்லை. அதே திரையில் மேலிருந்து குதிக்கிற செய்திகள்தான் குற்றம். டேட்டாவை நிறுத்திவிட்டு வாசி.

கையில் ஒரு பென்சில் வேண்டும். பிடித்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு, விளங்காததற்குக் கேள்விக்குறி. மூன்றாவது குறி முக்கியமானது: கண் ஓடியும் மனம் ஓடாத இடத்தைக் கண்டால் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம். பக்கத்தின் தலைக்குப் போகாதே, கடைசியாக நினைவிருக்கிற வசனத்துக்குப் போய் அங்கிருந்து தொடங்கு. ஒரு மாதம் கழித்து வட்டங்களை மட்டும் புரட்டிப் பார். சிலருக்கு வர்ணனையில் வழுக்கும். சிலருக்குத் தாயும் பிள்ளையும் கதைக்கிற இடத்தில் வழுக்கும். அங்கே சலிப்பில்லை, ஏதோ குத்துகிறது. இருந்து பழகும்போது பெயர் வைத்தாயே, அந்தப் பழக்கம் இங்கே கை கொடுக்கும். நாளுக்கு 20 நிமிடம் வாசி. நிறுத்தும்போது அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்தாமல் நடுவில் நிறுத்து. அடுத்த நாள் உள்ளே போவது சுகம்.

வாசிப்பைக் கெடுக்கிறவையும் இருக்கின்றன. வருஷத்துக்கு இத்தனை புத்தகம் என்று கணக்கு வைத்தால் கடைசியில் மெல்லிய புத்தகமாகத் தேடுவாய். ஸ்டேட்டஸ் போட வசனம் பொறுக்கினால் வசனம்தான் மிஞ்சும், மனிதர் மிஞ்சமாட்டார். எப்போதும் கதாநாயகி பக்கமே நிற்பது இன்னும் மோசம். அதற்கு மருந்து: கதையில் உனக்கு ஆகவே ஆகாத ஆளை எடுத்து, ‘நான்’ என்று அவருடைய வாயால் ஆறு வரி எழுது. பாண்டியனை மன்னிக்கிறவர்களும் பொற்கொல்லனில் நின்றுவிடுவார்கள். ராணியின் சிலம்பைத் தான் களவெடுத்து மறைத்து வைத்திருக்க, அதே மாதிரி ஒன்றை விற்க அந்நியன் ஒருவன் தன்னிடமே வந்து நிற்கிறான். அந்த நிமிடம் அவன் வயிற்றுக்குள் என்ன நடந்திருக்கும்? எழுதிப் பார். அவன் செய்தது நியாயமாகிவிடாது. ஆனால் பயந்தவன் எப்படிப் பொல்லாதவனாகிறான் என்பது கையில் கிடைக்கும்.

ஏன் இரண்டும் வேண்டும் என்றால், ஒன்று மட்டும் பழகினவர்களிடம் ஒரு குறை தெரியும். வாசிப்பை விட்டுத் தியானத்தில் மட்டும் இருந்து பழகுகிறவர் தன் மூச்சு, தன் கோபம், தன் அமைதி என்று தனக்குள்ளேயே சுற்றுவார். எதிரே இருக்கிறவருக்கு என்ன நடக்கிறது என்பதைக் கற்பனை செய்ய அவருக்குச் சரக்கு இல்லை. கவனமில்லாமல் வாசித்துத் தள்ளுகிறவர் கதையில் வருகிற ஏழைக்கு அழுதுவிட்டு, கடையில் பில் போடுகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் சாமானை எடுத்துக்கொண்டு வருவார். இரண்டாவது ஆட்கள் எழுத்தாளர் கூட்டங்களில் நிறைய.

இந்த ஆராய்ச்சி முடிவுகளையும் அளவோடு நம்பு. தியானப் பயிற்சிகள் பற்றிய 47 சோதனைகளை, 3,515 பேருடையவை, 2014இல் சேர்த்து ஆராய்ந்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, நோவு ஆகியவற்றில் மிதமான அளவுக்கு நம்பக்கூடிய சின்ன முன்னேற்றம் தெரிந்தது. மருந்தைவிட, உடற்பயிற்சியைவிட மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே டொக்டர் தந்த குளிசையை இதற்காக நிறுத்துகிறவர்களைக் கண்டால் தடு. 2013இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. இலக்கியத் தரமான கதையில் ஒரு துண்டை வாசித்த உடனேயே, கண்களைப் பார்த்து ஒருவர் என்ன உணர்கிறார் என்று சொல்லும் சோதனையில் கூடுதல் புள்ளி எடுத்தார்களாம். உலகம் முழுக்கக் கொண்டாடினார்கள். பிறகு வேறு குழுக்கள் அதே சோதனையைச் செய்தபோது அந்த உடனடிப் பலன் வரவில்லை. காலம் காலமாகக் கதை வாசித்து வருகிறவர்கள் அப்படிப்பட்ட சோதனைகளில் சற்று மேலே நிற்கிறார்கள் என்பது மட்டும் பல இடங்களில் தெரிகிறது, வாசிப்பால்தானா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு கதை வாசித்து ஒருவரும் நல்லவராகவில்லை. பழக்கத்துக்குத்தான் பலன்.

வீட்டு விஷயத்துக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சாள் ஒரு வரி போடுகிறா என்று வை: ‘சிலருக்கு இப்போ ஊர் நினைவே இல்லை.’ உன்னைத்தான் சொல்கிறா என்று உடம்பு முதலில் சொல்லும். காது சூடாகும், பெருவிரல் எழுத்துப் பலகைக்குப் போகும். போனை மேசையில் வை. மூன்று வெளிமூச்சு. உடம்பில் எங்கே என்று ஒரு சொல், உணர்ச்சிக்கு ஒரு சொல். பிறகு கதை வாசிக்கிற மூளையைக் கூப்பிடு: இந்த வரியை அவ போடக்கூடிய மூன்று காரணம் சொல். ஒன்று கெட்டதாக இருக்கட்டும், ஒன்று உன்னைச் சம்பந்தப்படுத்தாததாக இருக்க வேண்டும், ஒன்று அவவுடைய கஷ்டத்திலிருந்து வர வேண்டும். மூன்றும் கிடைக்காமல் பதில் எழுதாதே. எழுதுவதென்றால் குழுவில் எழுதாதே, தனியாக எடுத்துக் கதை.

இதைச் சொன்னால் எல்லாவற்றுக்கும் பொறுத்துப்போ என்று சொல்வதாக எடுத்துக்கொள்வாய். இல்லை, பிள்ளை. கண்ணகியைப் பார். அவளைவிடக் கோபப்பட்டவர் தமிழில் இல்லை. அந்தக் கோபத்தோடு சபைக்குள் போனவள் என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொல்கிறாள். அரசன் எங்களுடையது முத்து என்கிறான். உடைத்துக் காட்டுகிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. தலைவிரி கோலமாக நின்றவளுக்கும் விவரம் தப்பவில்லை. உன் வார்டில் ஆள் குறைத்து இரட்டை வேலை வாங்குகிறார்கள் என்றாயே, அங்கே மூச்சை எண்ணிக்கொண்டு சும்மா இராதே. எந்தத் திகதி, எத்தனை நோயாளி, எத்தனை பேர் டியூட்டி என்று எழுதி வை. எழுதிக்கொண்டு போய்க் கேள். நிறுவனங்கள் இந்த அப்களை இலவசமாகத் தருகிற நோக்கத்தையும் ஒரு தரம் யோசி.

வருகிற மாதம் அங்கே வருகிற ஒருவரிடம் குறுந்தொகை உரைப்பதிப்பும் கோடு போடாத கொப்பி ஒன்றும் கொடுத்துவிடுகிறேன். நாலைந்து நாள் விட்டுப்போனால் விட்ட நாளைச் சேர்த்துச் செய்யப் பார்க்காதே, அன்றைய 5 நிமிடத்தை மட்டும் செய். 25 முடிந்ததும் 6ஆம் பாட்டுக்குப் போ. பதுமனார், நாலடி. நடுச்சாமம், ஊரே நித்திரை, ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். நைட் டியூட்டிக்காரிக்கு உரை தேவைப்படாது என்று அம்மா சொல்கிறா. பனங்கட்டியும் அனுப்பவா, அங்கேயே வாங்குகிறாயா என்று ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது சொல்.

அன்புடன்,
அப்பா